எரிந்த துணியில் என்ன நார்? அறிகுறி பார்த்து வழி பிரிக்கும் முறை

தீ வழக்கில் கிடைத்த எரிந்த துணித் துண்டைத் தடயவியல் கூடத்து மேசையில் வைத்துவிட்டு "இது பருத்தியா, பாலியஸ்டரா?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் பெரும்பாலும் கருகிய பகுதியில் இருக்காது, அதே துணியின் கருகாத ஏதோ ஒரு மூலையில் இருக்கும். எவ்வளவு பெரிய தீயிலும் துணி முழுவதும் ஒரே மாதிரி எரிவது அபூர்வம். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியில் தொடங்கினாலும் முதல் வேலை, தீ தொடாத இழையைத் தேடுவது. அது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி தேவைப்படாது.

தேட வேண்டிய இடங்கள்: தையல் மடிப்பின் உள்பக்கம், காலர், கைப்பட்டை, பொத்தானுக்கு அடியில், பெல்ட் அழுத்தியிருந்த இடுப்புப் பகுதி, பையின் அடிமூலை, உடலுக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிய இடம், ஷூவுக்குள் போன காலுறை. காற்று புகாத இடத்தில் தீயும் அவ்வளவு எளிதில் புகாது.

## தொடுவதற்கு முன்

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் நார் வேலை இரண்டாவதுதான். அப்படிப்பட்ட துணி மூடியுள்ள உலோக டப்பாவிலோ, கண்ணாடி ஜாடியிலோ, இதற்கென்றே செய்யப்படும் நைலான் பையிலோ வந்திருக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் பை ஆவியைக் கசியவிடும். ஆவியை எடுத்து ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று காட்டும் கருவி) ஓட்டி முடித்த பிறகு நீங்கள் திறந்தால் போதும். கேட்டது நார் மட்டும்தான் என்றாலும், டப்பாவைத் திறக்கும் முன் விசாரணை அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் படம். அளவுகோலுடன், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. முழுக்கச் சாம்பலான பருத்தியில்கூட நெசவு அப்படியே தெரியும். இடுக்கி பட்ட நொடியில் அது போய்விடும்.

தீயில் காட்டி முகர்ந்து பார்க்கும் சோதனையைத் தடயப் பொருளில் செய்யவே கூடாது. இருக்கும் கொஞ்சத்தையும் அது தின்றுவிடும். கலப்பு நூலில் தவறாகவும் சொல்லும். ஒப்பீட்டுக்கு வாங்கிய மாதிரியில் வேண்டுமானால் செய்யலாம், அதுவும் புகைபோக்கி உள்ள அறையில். கம்பளியும் அக்ரிலிக்கும் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும்.

பழைய வெப்பத் தடுப்புக் கையுறை, கொதிகலன் உறை, தீத்திரை போன்றவற்றின் மிச்சமாக இருந்து, வெளுத்த மெல்லிய கற்றைகள் பிரிந்து நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மூடி வைத்துவிட்டு அதற்கான வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 1: கறுத்து நொறுங்குகிறது, நெசவு தெரிகிறது, உருகிய தடம் இல்லை

முதலில் நினைக்க வேண்டியது செல்லுலோஸ்: பருத்தி, விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான்), லினன், சணல். இவை உருகாது, வடிவம் கலையாமல் கரியாகும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஓர் இழையைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

தட்டையாக, ஆங்காங்கே தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு போனால்: பருத்தி. இந்த முறுக்கல் கரியிலும் தங்கும். மெர்சரைஸ் செய்த (காரக் கரைசலில் இட்டுப் பளபளப்பாக்கிய) பருத்தியில் முறுக்கல் குறைவு என்பதால் ஒன்றிரண்டு இழையோடு நிறுத்தாமல் பல இழைகளைப் பாருங்கள்.

நேராக, நீளவாக்கில் கோடு கோடாகப் போனால்: விஸ்கோஸ் என்று சந்தேகிக்கலாம். உடைந்த முகத்தை நேராகப் பார்த்தால் ஓரம் பல் பல்லாகத் தெரியும்.

குறுக்கே கணுக்கள் இருந்தால்: தண்டு நார். லினனா சணலா என்பதைக் கரியிலிருந்து பிரிக்க முயல வேண்டாம். "தண்டு நார்" என்று எழுதி நிறுத்துங்கள்.

வழவழப்பான கறுப்பு இழை, வெட்டுமுகம் அவரை விதை அல்லது நாய் எலும்பு வடிவம்: இது பலரையும் ஏமாற்றும். அக்ரிலிக் செயற்கை நார்தான், ஆனாலும் பாலியஸ்டர் போல உருகி ஓடாது. காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடானால் மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று மாறி, வடிவம் குலையாமல் நிற்கும். கார்பன் ஃபைபர் தயாரிப்பின் முதல் கட்டமே இதுதான். நேரடித் தீயில் சட்டென்று எரிந்தால் ஒழுங்கற்ற கறுப்புக் கட்டி ஆகிவிடும். மெதுவாகக் கனன்ற இடத்தில் கிடைத்த அக்ரிலிக் ஸ்வெட்டர் இப்படி வடிவம் மாறாமல் கறுத்து வந்தால், 'உருகவில்லை, அதனால் இயற்கை நார்' என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. துணியில் குறைவாகச் சூடான, மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு ஒளியை எந்தெந்த இடத்தில் உறிஞ்சுகிறது என்பதை வளைவாகக் காட்டி, பொருளை அடையாளம் சொல்லும் கருவி) வையுங்கள். வளைவின் கிடை அச்சில் 2240 அலை எண் அருகே நைட்ரைல் முகடு (கார்பன்-நைட்ரஜன் பிணைப்பின் அடையாளம்) இருந்தால் முடிவு தெரிந்துவிடும். அது சிறுத்து, 1590 அருகே புதிதாக ஒன்று எழும்பியிருந்தாலும் அக்ரிலிக்தான், சூட்டில் மாறிய அக்ரிலிக்.

துணியை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. கரியான துணி சுருங்கும். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பாவு (நீள நூல்), எத்தனை ஊடை (குறுக்கு நூல்) என்ற எண்ணிக்கை ஏறித்தான் வரும். அதை எரியாத துணியின் எண்ணிக்கையோடு நேராக ஒப்பிடக் கூடாது. நெசவு வகை, நூல் முறுக்கிய திசை (எஸ் முறுக்கா இசட் முறுக்கா), ஒற்றையா இரட்டையா என்பவை மாறாது. ஒப்பீட்டை அவற்றில் வையுங்கள்.

மேலே அனுப்ப வேண்டிய இடம்: பருத்தியா விஸ்கோஸா என்பதில் வழக்கு நிற்கிறது, ஆனால் ஸ்டீரியோவில் வடிவம் தெளிவாக இல்லை என்றால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். பைரோலிசிஸ் ஜிசி-எம்எஸ் (துணுக்கைச் சூட்டில் உடைத்து, வரும் துண்டுகளை ஜிசி-எம்எஸ்ஸில் பார்ப்பது) பாதி கருகியதற்கு உதவும்; செல்லுலோஸ் இன்னும் மிச்சமிருந்தால், அது உடைந்து உண்டாகும் லெவோகுளுகோசன் வரும். முழுக்கக் கரியானதில் அதுவும் வராது. வந்தாலும் செல்லுலோஸ் என்பதற்கு மேல் சொல்லாது, பருத்தியையும் விஸ்கோஸையும் பிரிக்காது.

## அறிகுறி 2: கறுப்பாக ஊதிப் பொங்கி நிற்கிறது, விரலால் நசுக்கினால் பொடியாகிறது

கம்பளி, பட்டு, முடி. புரத நார் சூட்டில் உள்ளே குமிழி விட்டு வீங்கும். கரி நிறையக் காற்றறைகளோடு இருக்கும், கையில் பளபளப்பான மணிபோல் தெரிந்தாலும் லேசாக அழுத்தினால் நொறுங்கிவிடும். உருகி இறுகிய நைலான் மணி நொறுங்காது. இந்த ஒரு வேறுபாடு பல நேரம் போதும். நசுக்கிப் பார்க்க ஒரு சிறு துணுக்கைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதி சூடான இழையில் செதில் ஓரங்கள் தெரிந்தால் கம்பளி அல்லது வேறு விலங்கு முடி. செதில் இல்லாமல் மெல்லிய வழவழ இழை என்றால் பட்டைச் சந்தேகிக்கலாம். எஸ்இஎம்-ஈடிஎக்ஸில் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு சேர்ந்து தனிமங்களைக் காட்டும் கருவி) கந்தகம் நன்றாகத் தெரிந்தால் அது கெரட்டின், அதாவது கம்பளியிலும் முடியிலும் உள்ள புரதம், பக்கம் சாய்க்கும். பட்டில் கந்தகம் மிகக் குறைவு.

தீத்தடுப்புப் பூச்சு கொண்ட துணியும் சில நேரம் இப்படிப் பொங்கும். அதன் இழையில் பருத்தியின் முறுக்கல் இருக்கும், ஈடிஎக்ஸில் பாஸ்பரஸ் வரும். ஆனால் பாஸ்பரஸைப் பார்த்தவுடன் முடிவு கட்டிவிடாதீர்கள், அறிகுறி 7ஐப் படியுங்கள்.

மனித முடியா விலங்கு முடியா என்ற கேள்வி வந்தால் நார்ப் பிரிவின் வேலை அங்கே முடிகிறது. முடி நிபுணரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: கெட்டியான மணி, சொட்டு, ஓடு

உருகும் நார். எது என்பதுதான் கேள்வி. நிறத்தை நம்ப வேண்டாம். புகைக்கரி படிந்தால் எல்லாமே கறுப்பு. நைலான் மணி சாம்பல் கலந்த பழுப்பு, பாலியஸ்டர் மணி கறுப்பு என்று பாடப்புத்தகங்களில் இருப்பது சோதனைக்கூடத்தில் சிறு சுடரில் காட்டிய துணிக்குச் சரி. வீடு எரிந்த தீயில் சரிவராது.

முதலில், வெட்டுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை. மணியைப் புதிய பிளேடால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். கரியும் ஆக்ஸிஜனேற்றமும் வெளித்தோலில்தான் அதிகம். நடுவில் தெளிவான, வெளிர் நிறப் பகுதி அடிக்கடி இருக்கும். மற்ற எல்லாச் சோதனைக்கும் அந்த நடுப்பகுதியிலிருந்தே எடுங்கள். வெட்டுமுகத்தில் உருகாத இழை ஏதாவது சிக்கிக்கொண்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, தண்ணீர். நடுப்பகுதித் துணுக்கை நன்றாகத் தட்டையாக்கி, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்ட தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். பாலிப்ரொப்பிலீன் அடர்த்தி 0.91 சுமார். நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38; இவை மூழ்கும். தட்டையாக்காமல் போட்டால் உள்ளே இருக்கும் குமிழியால் எதுவும் மிதக்கலாம். தடயம் மிகக் குறைவு என்றால் இதைத் தவிர்த்து நேராக எஃப்டிஐஆருக்குப் போங்கள்.

போலரைசிங் மைக்ரோஸ்கோப். உருகிய பகுதியில் நாரின் இரட்டை ஒளிவிலகல் (இழைக்குள் ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகும் தன்மை) அழிந்துபோயிருக்கும். வேகமாகக் குளிர்ந்த பாலியஸ்டர் குறுக்குப் போலரைசர்களுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த ஒளி வடிகட்டிகள்) நடுவில் இருட்டாகத் தெரியும். மெதுவாகக் குளிர்ந்ததில் சிறு சிலுவைக் குறிகளோடு வட்ட வட்டமாகப் படிகங்கள் தெரியும். இது என்ன நார் என்று சொல்லாது, எப்படிக் குளிர்ந்தது என்று சொல்லும். மணியின் வேரில் இன்னும் இழையாக நிற்கும் பகுதியைத்தான் அளக்க வேண்டும்.

எஃப்டிஐஆர். பெரும்பாலான வழக்குகள் இங்கே முடிந்துவிடும். தட்டையாக்கிய நடுப்பகுதியை வையுங்கள். கீழே உள்ள எண்கள் முகடுகளின் அலை எண்கள்.

- 1720 அருகே கார்போனைல் (கார்பன்-ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பின் முகடு), 1250, 1100 சுற்றுவட்டாரத்தில் வலுவான இரண்டு, 725 அருகே கூராக ஒன்று: பாலியஸ்டர்.
- 1640, 1540 ஜோடியும் 3300ம்: நைலான். கம்பளியும் இதே ஜோடியைக் காட்டும், ஆனால் கம்பளி உருகாது.
- 1376, 1455, அப்புறம் 2840 முதல் 2950 வரை ஒரு கொத்து, வேறெதுவும் பெரிதாக இல்லை: பாலிப்ரொப்பிலீன்.
- 1740, 1230, 1040: அசிட்டேட் (செல்லுலோஸை வேதி முறையில் மாற்றிச் செய்யும் நார்). ஒரு துணுக்கு அசிட்டோனில் கரைந்தால் உறுதி.

உருகுநிலை. நைலான் 6 சுமார் 215 முதல் 220 டிகிரி, நைலான் 6,6 சுமார் 255 முதல் 265, பாலியஸ்டர் 250 முதல் 260, பாலிப்ரொப்பிலீன் 160 முதல் 170. பாலியஸ்டரையும் நைலான் 6,6ஐயும் இதை வைத்துப் பிரிக்க முடியாது, அதற்கு எஃப்டிஐஆர். இரண்டு நைலான்களுக்கு நடுவில்தான் இது உண்மையாகப் பயன்படும். சூட்டில் சிதைந்த பாலிமர் வழக்கத்தைவிடக் கீழே உருகலாம் என்பதால் ஓரிரு டிகிரி வித்தியாசத்தை வைத்து வாதம் கட்ட வேண்டாம்.

மேலே அனுப்ப வேண்டிய இடம்: நடுப்பகுதியே இல்லாமல் மணி முழுக்கக் கறுத்துக் குழம்பியிருந்தால் பைரோலிசிஸ் ஜிசி-எம்எஸ். நைலான் 6 கேப்ரோலாக்டம் தரும், நைலான் 6,6 சைக்ளோபென்டனோன் தரும், பாலியஸ்டரில் பென்சாயிக் அமிலமும் வினைல் பென்சோயேட்டும் வரும், பாலிப்ரொப்பிலீனில் 2,4-டைமெத்தில்-1-ஹெப்டீன். தேவைப்படுவது மைக்ரோகிராம் கணக்கில்தான், ஆனால் போனது திரும்பாது. எடுக்கும் முன் எதிர்த்தரப்புப் பரிசோதனைக்கு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: கரியும் உருகலும் ஒன்றாக இருக்கின்றன

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். "பாலியஸ்டர்-பருத்தி கலப்பு" என்று உடனே எழுதத் தோன்றும். அது நான்கு காரணங்களில் ஒன்று மட்டுமே. எளிதில் கண்டுபிடிக்கக்கூடியதிலிருந்து வரிசையாகப் போங்கள்.

உருகல் ஒரே கோட்டில் ஓடுகிறதா? தையல் நூல். துணி நூறு சதவீதம் பருத்தியாக இருந்தாலும் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். வரிசையாகச் சிறு மணிகள், நடுவில் ஊசித் துளைகள். எழுதும்போது "தையல் நூல்" என்று தனியாக எழுதுங்கள். ஜிப் ஓரத்திலும் இதே கதை.

சம இடைவெளியில் புள்ளிப் புள்ளியாக இருக்கிறதா? காலர், கைப்பட்டை, கோட்டின் முன்பக்கம் ஆகியவற்றுக்கு விறைப்பு கொடுக்க உள்ளே ஒட்டும் துணியின் பசைப் புள்ளிகள். பெரும்பாலும் பாலிஅமைடு அல்லது பாலிஎத்திலீன். எஃப்டிஐஆரில் நைலான் மாதிரி ஒன்று வந்து, சட்டையில் நைலான் ஏது என்று குழம்புவது இதனால்தான். புள்ளி அமைப்பைப் படம் எடுத்துவைத்தால் உடையின் எந்தப் பாகம் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். கருகிய குவியலில் காலரைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இது.

ஒரு பக்கம் மட்டும் படிந்திருக்கிறதா? வேறெதுவோ மேலே சொட்டியிருக்கிறது: திரைச்சீலை, மெத்தை உறை, கூரையிலிருந்த பிளாஸ்டிக். அல்லது மேலே போட்டிருந்த நைலான் ஜாக்கெட் உருகி உள்ளே இருந்த பருத்தியோடு ஒட்டியிருக்கும். வெட்டுமுகத்தில் இரண்டு அடுக்கும் நடுவில் எல்லைக் கோடும் தெரியும்.

நூலுக்குள்ளேயே இரண்டும் பின்னிக் கிடக்கின்றனவா? அப்போதுதான் கலப்பு நூல். உருகிய பாலியஸ்டர் பருத்திக் கரியைப் பிடித்துக்கொண்டு நூலுக்குள்ளேயே நிற்கும், சொட்டாது. தனிப் பாலியஸ்டர் துணி தீயிலிருந்து சுருங்கி விலகப் பார்க்கும். கலப்பில் பருத்திக் கரி சட்டம்போல் தாங்கிக்கொள்வதால் உருகல் தீயிலேயே நின்று எரியும். எனவே கலப்புத் துணியில் சொட்டுகள் இல்லையே என்று ஐயப்பட வேண்டாம்.

கலப்பு விகிதம் கேட்டால் எரிந்த பகுதியிலிருந்து சொல்லாதீர்கள். கரியின் எடை, உருகலின் எடை எதுவும் முதலில் இருந்த அளவைக் காட்டாது. 70 சதவீதக் கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்துப் பிரிக்கும் வழக்கமான முறையும் கரியில் ஒத்துவராது, கரி கரையாமல் நின்றுவிடும். எரியாத பகுதி கிடைத்தால் மட்டும் விகிதம்.

## அறிகுறி 5: துணி நன்றாக இருக்கிறது, இழை நுனிகளில் மட்டும் உருண்டை

சந்தேக நபரின் உடையில்தான் இந்தக் கேள்வி வரும். எரிபொருள் ஆவி பற்றிக்கொண்ட நொடியில் பக்கத்தில் நின்றவரின் கைப்பட்டையிலும் கால்சட்டை முன்பக்கத்திலும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள் மட்டும் நுனி உருகி நிற்கும். சரி, நுனி உருண்டை எல்லாமே தீ வேலையா? இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை:

இரண்டு பக்கமும், எல்லா இடத்திலும் சமமாக இருக்கிறதா? ஆலையில் துணியின் மேல் நிற்கும் பிசிறை எரித்து வழவழப்பாக்குவார்கள். பாலியஸ்டர் கலந்த துணியில் அந்த வேலை குட்டி உருண்டைகளை விட்டுப்போகும். துணியின் உள்பக்கத்தையும், மடிப்புக்குள் மறைந்த பகுதியையும் பாருங்கள். அங்கேயும் அதேபோல் இருந்தால் ஆலைதான் காரணம். ரிப்பன், லேபிள், கயிறு ஆகியவற்றின் ஓரங்களைச் சூட்டால் வெட்டுவதும் உண்டு.

சிறு வட்டத் துளைகளைச் சுற்றி மட்டும் இருக்கிறதா? வெல்டிங், கிரைண்டிங் பொறி. துளை ஓரத்தில் இரும்புத் துகள் உருண்டை ஒட்டியிருக்கும், ஈடிஎக்ஸ் காட்டிவிடும். சிகரெட் என்றால் பருத்தியில் பழுப்பு வளையமும் சாம்பலும், பாலியஸ்டரில் கெட்டியான விளிம்பும் இருக்கும்.

ஒரே திசையில் இழுபட்டு, தேய்ந்து இருக்கிறதா? உராய்வு. சாலையில் சறுக்கி விழுந்தவர், கயிறு உரசியவர், சீட் பெல்ட் இறுக்கியவர். உருகல் ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருக்கும், வழக்கமாகப் புகைக்கரி இருக்காது.

ஒவ்வொரு இழை நுனியிலும் தனித்தனியாக, ஒரே அளவில் காளான் குடை வடிவமா? மிக வேகமாக அறுந்த நைலானும் பாலியஸ்டரும் இப்படித்தான் முடியும். தோட்டா கடந்த துணியில் இதைப் பார்க்கலாம். தீயில் உருகியதில் பக்கத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், உருண்டைகள் பல அளவில் இருக்கும், நுனியிலிருந்து பின்னோக்கி இழை சுருங்கித் தடித்திருக்கும்.

இவை எல்லாம் தள்ளுபடி ஆகி, உருண்டைகள் உடையின் முன்பக்கத்தில் மட்டும், வெளிப்புறத்தில் மட்டும், மடிப்பின் நிழலில் இல்லாமல் இருந்தால் அந்த உடை ஒரு வெப்ப வீச்சை எதிர்கொண்டது என்று சொல்லலாம். எந்த வெப்ப வீச்சு என்று சொல்ல முடியாது. அடுப்பைப் பற்றவைத்ததும் வெப்ப வீச்சுதான். பரவலை உடையின் வரைபடத்தில் குறித்து, அறிக்கையோடு இணையுங்கள். அந்த வரைபடம் எந்த நுண்ணோக்கிப் படத்தையும்விட அதிகம் பேசும்.

## அறிகுறி 6: இழை முழுசாக இருக்கிறது, அளவுகள் பொருந்தவில்லை

உருகவில்லை, கருகவில்லை. ஆனால் ஒப்பீட்டு மாதிரியோடு வைத்தால் இழை தடிமனாக இருக்கிறது, இரட்டை ஒளிவிலகல் குறைவாக வருகிறது, நிறம் வேறு.

எளிய காரணம், இது வேறு துணி. அதை முதலில் விலக்குங்கள்: வெட்டுமுக வடிவம், பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புள்ளிகளின் அடர்த்தி. இவை மிதமான சூட்டில் மாறுவதில்லை. இரண்டும் பொருந்தவில்லை என்றால் மேலே படிக்கத் தேவையில்லை.

அவை பொருந்தினால் வெப்பச் சுருக்கத்தைச் சந்தேகியுங்கள். தயாரிக்கும்போது இழுத்து நீட்டப்பட்ட செயற்கை இழை, உருகுநிலைக்குக் கீழேயே சூட்டில் தளர்ந்து சுருங்கித் தடிக்கும், இரட்டை ஒளிவிலகல் இறங்கும். பாலியஸ்டரில் வழக்கமாக 0.16க்கு மேல் இருக்கும் அளவு, நைலானில் 0.06 சுமார். இறங்கிய பாலியஸ்டரை மிஷேல்-லெவி வண்ண அட்டவணையில் (இழையின் தடிமனையும் தெரியும் நிறத்தையும் வைத்து இரட்டை ஒளிவிலகலைச் சொல்லும் அட்டவணை) வைத்து 'நைலானோ' என்று நினைக்க வேண்டாம். இழை முழுக்க ஒரே அளவு இல்லாமல், சூடான நுனி நோக்கிப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனால் காரணம் சூடு. ஐயம் இருந்தால் எஃப்டிஐஆர்.

நிறத்தை ஒப்பிட வேண்டாம், கருவி வைத்தும் வேண்டாம். சாயம் சூட்டில் மாறும், ஆவியாகும், பக்கத்துத் துணிக்கும் போகும். ஒற்றை இழையின் நிறத்தை அளக்கும் மைக்ரோஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் தரும் அழகான வளைவு சூடுபட்ட இழையில் தவறான நம்பிக்கையைத்தான் கொடுக்கும்.

## அறிகுறி 7: எஃப்டிஐஆர் வளைவு நூலகத்தில் எதோடும் பொருந்தவில்லை

தெரிந்த பொருட்களின் வளைவுத் தொகுப்பான நூலகத்தில் தேடி, மென்பொருள் ஏதோ ஒரு பெயரைக் குறைந்த மதிப்பெண்ணோடு தரும். அந்தப் பெயரை மறந்துவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

ஒன்று, தடிமன். முகடுகள் தட்டையாக மொட்டையாக இருந்தால் துணுக்கு தடிமனாக இருக்கிறது. இன்னும் மெலிதாக்குங்கள்.

இரண்டு, அழுக்கு. தீ நடந்த இடத்தில் சுவர்ப் பூச்சும் அணைக்கும் பொடியும் எல்லாவற்றிலும் படியும். 1420ல் அகலமாகவும் 875ல் கூராகவும் வந்தால் சுண்ணாம்பு. 1100 சுற்றி அகலமாக ஒன்றும் 3400, 3540ல் ஜோடியும் வந்தால் ஜிப்சம். ஸ்டீரியோவின் கீழ் வைத்து வடிநீரில் மெதுவாக அலசிவிட்டு மறுபடி எடுங்கள். பல உலர்பொடித் தீயணைப்பான்களில் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் இருக்கும், அறிகுறி 2ல் சொன்ன பாஸ்பரஸ் எச்சரிக்கை இதற்காகத்தான். அதேபோல் பிவிசி எரிந்த அறையில் குளோரின் எல்லா இடத்திலும் படியும், ஈடிஎக்ஸில் அதைப் பார்த்து மோடாக்ரிலிக் (பெரும்பாலும் குளோரின் கொண்ட அக்ரிலிக் வகை நார்) என்று எழுதிவிடாதீர்கள். பாஸ்பரஸோ குளோரினோ இழைக்கு உள்ளே, வெட்டுமுகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, கறுப்பு. கரி அதிகமான துணுக்கில், எஃப்டிஐஆரில் துணுக்கை வைத்து அழுத்தும் வைரப் படிகம் வளைந்து நெளிந்த அடிக்கோட்டைத் தரும். ஜெர்மானியம் படிகம் இருந்தால் அதில் வையுங்கள், வித்தியாசம் தெரியும்.

நான்கு, உண்மையிலேயே இரண்டு பொருள். நைலானோடு ஸ்பாண்டெக்ஸ் (ரப்பர்போல் இழுபடும் நார்) இருந்தால் 1640, 1540 ஜோடியோடு 1730ல் இன்னொன்று நிற்கும். அதைப் பாலியஸ்டரின் கார்போனைல் என்று எடுத்துக்கொள்வது எளிது. 725 இருக்கிறதா என்று பார்த்தால் விடை தெரியும்.

இந்த நான்கும் முடிந்து இன்னும் பொருந்தவில்லை என்றால் பொருள் சிதைந்துவிட்டது. பைரோலிசிஸ் வசதி உள்ள கூடத்துக்கு அனுப்புங்கள். ஜிசி-எம்எஸ் பக்கம் போகும்போது ஒன்று: எரிந்த கம்பளமும் அதன் ரப்பர் அடியும் ஸ்டைரீன், டொலுவீன் எல்லாம் தாமாகவே தரும். ஒப்பிட அதே கம்பளத்தின் எரியாத துண்டு இல்லாமல் அவற்றைப் பெட்ரோலின் அடையாளம் என்று யாரும் சொல்லக் கூடாது.

## அறிகுறி 8: சுற்றிலும் எல்லாம் போய்விட்டது, இந்த இழை மட்டும் நிற்கிறது

நிறமற்ற, வழவழப்பான கம்பிபோன்ற இழை, குறுக்குப் போலரைசரில் முழு இருட்டு: கண்ணாடி இழை. சாதாரண வகை 850 டிகிரிக்கு அருகில்தான் இளகும். நுனி உருண்டிருந்தால் அந்த இடத்தின் சூட்டைப் பற்றி ஒரு குறிப்பும் கிடைக்கிறது, தீ விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், உருகாமல், மிகப் பளிச்சென்ற இரட்டை ஒளிவிலகலோடு இருந்தால் அராமிட் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை நார்: பாதுகாப்பு உடை, கையுறை. கறுப்பாக, ஒளி ஊடுருவாமல், ஒரே சீரான விட்டத்தில் இருந்தால் கார்பன் ஃபைபராக இருக்கலாம். முகக்கவசம் போடுங்கள், இது காற்றில் பறக்கும்.

## அறிகுறி 9: சாம்பல் மட்டும்

நார் இல்லை. இருப்பது அதில் இருந்த தாதுக்கள். பருத்திச் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் வரும், ஆனால் மரச் சாம்பலிலும் அவை வரும். டைட்டானியம் தீயைத் தாங்கும், அது நாரிலிருந்தும் வரலாம், சுவர் வண்ணத்திலிருந்தும் வரலாம். ஆன்டிமனியும் புரோமினும் சேர்ந்து தெளிவாகத் தெரிந்தால் தீத்தடுப்பு சேர்த்த பொருள் ஏதோ இருந்தது என்று ஊகிக்கலாம். பாலியஸ்டர் தயாரிப்பில் வினையூக்கியாக வரும் ஆன்டிமனி ஈடிஎக்ஸில் தெரியும் அளவுக்கு இருக்காது.

சாம்பலில் நெசவின் அச்சு தெரிந்தால் அதைப் படமாகப் பதிவு செய்யுங்கள். "நெய்யப்பட்ட துணியின் சாம்பல், நார் வகை தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடலாம். பொத்தான், ஜிப் பல், கொக்கி ஏதாவது சாம்பலுக்குள் கிடக்கிறதா என்று மெல்லிய சல்லடையில் சலித்துப் பார்த்து, கிடைத்ததை அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.